பரணில் கிடைத்த நீலக் கண்ணாடி

சென்ற போகிக்கு முதல் நாள் பரணைச் சுத்தம் செய்தோம். நான் ஏணி ஏறக்கூடாது என்பது வீட்டு உத்தரவு. கீழே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எது போகலாம், எது இருக்கட்டும் என்று சொல்வது மட்டும் என் வேலை. பேத்தி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை இறக்கித் திறந்தாள். உள்ளே துணியில் சுற்றி ஒரு கண்ணாடித் துண்டு. உள்ளங்கை அளவு, அடர்ந்த நீலம்.

"தாத்தா, இது என்னா? தூக்கிப் போட்டுடலாமா?"

"வேணாம்மா, இங்க குடு" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அது என் பெரியப்பா மகனுடையது. நாங்கள் எல்லோரும் அவரைப் பெரியண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். செஞ்சியிலிருந்து போய் வடக்கே ஓர் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பகுதியில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பல வருடம் வேலை பார்த்தவர். எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம். அவர் ஊருக்குத் திரும்பியபோது வலது கை முழங்கை வரை வெந்து சுருங்கிய தோலோடு திரும்பினார். இப்போது அவர் இல்லை. கண்ணாடி இருக்கிறது.

அந்தக் கை ஏன் வெந்தது, அதற்கும் நீலக் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம் என்று பேத்திக்குச் சொல்லப்போய், நானே பல நாள் படிக்க வேண்டியதாயிற்று. படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் சாம்பல். விறகடுப்பில் சமைத்த காலத்தை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பானையின் அடியில் கரி ஏறிவிட்டால் சோறு வேக நேரமாகும், விறகும் கூடுதலாகச் செலவாகும். அம்மா தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார்கள். அனல்மின் நிலையத்தின் கொதிகலனும் ஒரு பெரிய பானைதான். ஆனால் அதில் தண்ணீர் குழாய்களுக்குள் ஓடுகிறது, நெருப்பு வெளியே எரிகிறது. நிலக்கரியை மாவாக அரைத்து காற்றோடு உள்ளே ஊதுவார்கள். 500 மெகாவாட் அலகு ஒன்றுக்கு மணிக்குச் சுமார் 300 டன் நிலக்கரி வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல். ஆக மணிக்கு நூறு டன் சாம்பல். லாரிக்குப் பத்து டன் என்று வைத்தால், ஒவ்வொரு மணியும் பத்து லாரி. இதில் ஐந்தில் நான்கு பங்கு தூசாகப் புகையோடு பறக்கிறது. மீதி கீழே விழுகிறது. பறக்கிற வழியில் ஒரு பங்கு குழாய்களில் ஒட்டிக்கொள்கிறது. அதுதான் வினை.

சாம்பல் ஏன் ஒட்டுகிறது? செங்கல் சூளை பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சூளையில் அனல் மிஞ்சிவிட்டால் சில கற்கள் உருகி, பளபளவென்று கண்ணாடி பூத்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். கடப்பாரை போட்டுத்தான் பிரிக்க முடியும். மண் உருகும் சூட்டைக் குறைத்துவிடுகிற பொருட்கள் சில உண்டு. சோடியம், பொட்டாசியம், இரும்பு, சுண்ணாம்பு ஆகியவை அவற்றில் முக்கியம். முன்பு நம் ஊர்களில் சலவைக்கு உவர்மண் கொண்டுவருவார்கள். அந்த உவர்ப்பு சோடியத்தால் வருவது. விறகுச் சாம்பலைக் கரைத்தால் வரும் காரம் பொட்டாசியத்தால் வருவது. இதே இரண்டும் நிலக்கரியிலும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கின்றன.

உலைக்குள் 1,300 டிகிரிக்கு மேல் அனல். அந்தச் சூட்டில் சோடியமும் பொட்டாசியமும் ஆவியாகிவிடுகின்றன. பிறகு புகையோடு மேலே போகும்போது நீராவிக் குழாய்களைச் சந்திக்கின்றன. குழாய்க்குள் ஓடும் நீராவி சுமார் 540 டிகிரி. நமக்கு அது பெரிய சூடு, அந்த ஆவிக்கோ அது குளிர்ந்த இடம். குளிர்ந்த சொம்பின் மேல் வெளியே நீர் பூப்பதுபோல, குழாயின் மேல் சோடிய ஆவி பூக்கிறது. நிலக்கரியிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து சோடியம் சல்ஃபேட்டாகிறது. அது 884 டிகிரியில் உருகும். வேறு உப்புகளோடு கலந்தால் இன்னும் குறைந்த சூட்டிலேயே பசைபோல ஆகிவிடும். அந்தப் பசையில் பறக்கும் சாம்பல் ஒட்டுகிறது. அதன்மேல் இன்னும் சாம்பல். நாள் போகப் போகக் கல்லாக இறுகிவிடுகிறது.

விளைவு என்ன? குழாய்க்குச் சூடு போகாது. அதே மின்சாரத்துக்கு நிலக்கரி கூடுதலாக வேண்டும். புகை போகும் வழி அடைபடும். படிவுக்குக் கீழே குழாய் அரிக்கும், ஒரு நாள் வெடிக்கும். உலைச் சுவரிலோ இன்னும் மோசம். அங்கே சாம்பல் உருகியே ஒட்டி, ஆள் உயரத்துக்குக் கட்டியாகத் தொங்கும். தொழிலாளர்கள் அதைக் கிளிங்கர் என்பார்கள்.

இதைச் சுத்தம் செய்ய இயந்திரம் இல்லாமலில்லை. நீராவியைப் பீய்ச்சிக் குழாய்களைத் துடைக்கும் சூட் ப்ளோயர்கள் எல்லாக் கொதிகலனிலும் உண்டு. ஆனால் இறுகிப்போன கட்டிக்கு அது போதாது. அப்போது மனிதன் போக வேண்டும். உலைச் சுவரில் உள்ளே பார்க்கச் சிறு துவாரங்கள் இருக்கும். அதைத் திறந்து, நீண்ட இரும்புக் கம்பியை விட்டுக் குத்தித் தள்ளுவார்கள். பெரியண்ணன் செய்த வேலை அதுதான்.

கம்பியை விடும் முன் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். நெருப்பை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. அதற்குத்தான் இந்த நீலக் கண்ணாடி. கோபால்ட் கலந்தது. கண்ணைக் கூசவைக்கும் மஞ்சளைத் தடுத்துவிட்டு, சுடர் எங்கே இருக்கிறது, கட்டி எங்கே தொங்குகிறது என்று காட்டும். "கண்ணாடியில பாத்தா கட்டி எங்க இருக்குன்னு தெரியும்டா தம்பி. எப்ப விழும்னு அதுக்குத்தான் தெரியும்" என்பார் அண்ணன்.

அன்று அது அவர் எதிர்பாராத நேரத்தில் விழுந்தது. அடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் பெரிய கட்டி விழுந்தால் தண்ணீர் நொடியில் நீராவியாகிக் கிளம்பும். உலைக்குள் அழுத்தம் ஏறும். திறந்திருந்த துவாரத்தின் வழியே நெருப்பு வெளியே நாக்கை நீட்டும். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையைத் திருப்ப நேரமில்லை.

இதை அவர் எனக்குச் சொன்னபோது நான் கேட்ட கேள்வி இது: "உள்ள எவ்ளோ ஒட்டியிருக்கு, எப்ப ஒட்டும்னு வெளியே இருந்தே கண்டுபிடிக்க வழியே இல்லையாண்ணா?" அவர் சிரித்தார். வழி இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. அந்த வழியின் ஒரு முனை நம் வீட்டு அடுப்பில் இருக்கிறது.

உப்புப் போட்ட கஞ்சி பொங்கிக் கேஸ் அடுப்பில் வழிந்தால், நீலமாக எரிந்த சுடர் சட்டென்று மஞ்சளாகிறது. அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். தெருவில் முன்பு எரிந்த மஞ்சள் சோடிய விளக்கும் இதே நிறம்தான். ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படி ஒரு கையெழுத்து உண்டு என்று 1859, 1860 ஆண்டுகளில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் கிர்க்காஃபும் புன்சனும் நிறுவினார்கள். சுடரின் ஒளியை முப்பட்டகத்தில் விட்டுப் பிரித்தால் சோடியத்துக்கு மஞ்சளில் ஒரு கோடு, பொட்டாசியத்துக்குச் சிவப்பின் ஓரத்திலும் ஊதாவிலும் கோடுகள். ஒரு மில்லிகிராமை முப்பது லட்சமாகப் பிரித்து அதில் ஒரு பங்கு சோடியம் காற்றில் இருந்தாலும் தெரியும் என்று காட்டினார்கள். தொடாமல், எடுத்து நிறுக்காமல், ஒளியைப் பார்த்தே பொருளைச் சொல்லிவிடலாம். நிறமாலை ஆய்வு என்பது இதுதான்.

இதை நான் முதலில் கேட்டது புதுச்சேரியில். நான் படித்தது பிரெஞ்சு வழியில். நிறமாலைக் கோட்டுக்கு அங்கே 'ரே' என்று பெயர். எங்கள் ஆசிரியர் பாடத்தோடு ஜான்சென் என்ற பிரெஞ்சு வானியலாளரின் கதையையும் சொன்னார். 1868 ஆகஸ்ட் 18ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம். அதைப் பார்க்க ஜான்சென் பிரான்ஸிலிருந்து கப்பலேறி வந்து தங்கிய இடம் குண்டூர். அன்றைக்கு அது சென்னை ராஜதானியில் இருந்தது. ஒரு பிரெஞ்சு வணிகரின் வீட்டு மாடியில் கருவிகளை வைத்துக்கொண்டு, மறைந்த சூரியனின் விளிம்பில் எழும் சுடர்களை நிறமாலைமானியில் பார்த்தார். கோடுகள் அவ்வளவு பளிச்சென்று இருந்ததால், கிரகணம் இல்லாமலும் இவற்றைப் பார்க்க முடியுமே என்று அவருக்குத் தோன்றியது. மறுநாள் காலையிலேயே பார்த்துவிட்டார். குண்டூரிலேயே தங்கிப் பதினேழு நாள் பார்த்தார்.

அந்தக் கிரகணத்தில் ஒரு மஞ்சள் கோடும் தெரிந்தது. பார்த்தவர்களில் சிலர் அதைச் சோடியத்தின் கோடு என்றே நினைத்தார்கள். இங்கிலாந்தில் லாக்கியர் அதே ஆண்டு அக்டோபரில் சரியாக அளந்து, சோடியத்தின் இடத்திலிருந்து அது சற்றே தள்ளியிருப்பதைக் கண்டார். அது ஹீலியம். பூமியில் அகப்படுவதற்கு 27 ஆண்டுகள் முன்பே சூரியனில் கண்டுபிடிக்கப்பட்ட பொருள். ஒன்பது கோடி மைலுக்கு அப்பால் எரிகிற நெருப்பில் என்ன இருக்கிறது என்று குண்டூர் மாடியிலிருந்து படிக்க முடிந்தது. அடுத்த அறையில் எரிகிற நெருப்பைப் படிக்க அதற்குப் பிறகு நூறு வருடம் ஆனது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

காரணம் இல்லாமல் இல்லை. உலையில் எல்லாமே கொழுந்துவிட்டு எரிகிறது. சாம்பல் தூசே வெள்ளையாக ஜொலிக்கிறது. அந்த வெளிச்சத்துக்கு நடுவில் மெல்லிய கோடுகளைப் பிரித்தறிவது சிரமம். எரிவதற்கு முன் நிலக்கரியையே சோதிக்கலாம் என்றால், ஒரு பிடி எடுத்து ஆய்வகத்தில் எரித்துச் சாம்பலாக்கி, சாம்பலைச் சிறு கூம்பாகப் பிடித்து, சூடேற்றி, எந்த டிகிரியில் நுனி மழுங்குகிறது, எப்போது உருகி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். முடிவு வருவதற்குள் அந்த நிலக்கரி எரிந்தே போயிருக்கும். எங்கள் அலுவலகத்தில் கோப்பு போய்த் திரும்புவதற்குள் மனு கொடுத்தவர் காலமாகிவிடுவதுபோல.

நம் சொந்த ஒளியை உள்ளே அனுப்பிக் கேள்வி கேட்கலாம் என்ற எண்ணத்தில் நம் ஊர்க்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன் 1907இல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாக வேலையில் சேர்ந்தார். பத்து வருடம் அரசாங்கக் கணக்குப் பார்த்துக்கொண்டே, ஆபீசுக்குப் போகும் முன்னும் விட்ட பின்னும் பௌபஜாரில் இருந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை கையெழுத்துப் போட்டே களைத்த என் போன்றவர்கள் இதை எண்ணித் தலைகுனியத்தான் வேண்டும். 1928 பிப்ரவரி 28இல், கே.எஸ். கிருஷ்ணன் உடன் உழைக்க, ஒரு பொருளின் மேல் ஒரே நிற ஒளியை விட்டால் சிதறி வரும் ஒளியில் சிறிது நிறம் மாறி வருகிறது, அந்த மாற்றம் அப்பொருளின் மூலக்கூறு எது என்று சொல்லிவிடும் என்று கண்டார். 1930இல் நோபல் பரிசு. ஆனால் அந்த மாறிய ஒளி மிக மங்கலானது. 1960இல் லேசர் வந்தபிறகுதான் அதற்குப் புது உயிர் வந்தது. குழாயில் ஒட்டிய படிவில் இருப்பது எந்தச் சல்ஃபேட் என்று பார்க்கவும், சுடரின் சூட்டைக் கம்பி விடாமலே அளக்கவும் இன்று ராமன் வழியைப் பயன்படுத்துகிறார்கள்.

லேசரால் இன்னொரு வேலையும் செய்யலாம். ஒரு நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் லேசர் துடிப்பை நிலக்கரியின் மேல் குவித்தால், குண்டூசி முனை அளவு இடம் பொறியாகத் தெறிக்கிறது. அந்தப் பொறியின் சூடு பத்தாயிரம் டிகிரிக்கும் மேல், சூரியனின் மேற்பரப்பைவிட அதிகம். அதன் ஒளியைப் பிரித்தால் சோடியம், பொட்டாசியம், இரும்பு, சுண்ணாம்பு, சிலிக்கான் எல்லாம் தத்தம் கோட்டில் கையெழுத்துப் போட்டுவிடுகின்றன. 1962இலேயே இந்த யோசனை பிறந்துவிட்டது. நிலக்கரி பட்டையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அது உலைக்குப் போகும் முன், இது ஒட்டும் சாதியா ஒட்டாத சாதியா என்று தெரிந்துகொள்ளலாம். ஒட்டும் சாதி என்றால் வேறு நிலக்கரியைக் கலக்கலாம், சூட்டைக் குறைக்கலாம், சூட் ப்ளோயரை முன்கூட்டியே ஓட்டலாம்.

இதை முனைந்து செய்து பார்த்தவர்களில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தார் முக்கியமானவர்கள். லாட்ரோப் பள்ளத்தாக்கில் அவர்களுக்குக் கிடைப்பது பழுப்பு நிலக்கரி, நம் நெய்வேலியில் கிடைப்பதும் அந்த இனம்தான். நெய்வேலி என்றதும் நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு பாசம் உண்டு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்புத் துகள்கள் வந்த கதை, 1957 மே 20இல் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தது, 1962இல் சோவியத் உதவியோடு முதல் 50 மெகாவாட் அலகு ஓடியது என்று நம் தலைமுறை கண்முன் வளர்ந்த ஊர் அது. அந்த முதல் அனல்மின் நிலையம் 58 வருடம் உழைத்து 2020 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. பழுப்பு நிலக்கரியில் பாதி ஈரம், சாம்பல் குறைவு. சாம்பல் குறைவுதானே, தொல்லையும் குறைவு என்று நினைக்கலாம். விக்டோரியாவில் அப்படி இல்லை. அந்தக் கொஞ்சச் சாம்பலில் சோடியத்தின் பங்கு பெரிது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலும் இதே கதை. எவ்வளவு சாம்பல் என்பதைவிட எந்தச் சாம்பல் என்பதே கேள்வி. அதனால்தான் அவர்களுக்குச் சோடியத்தை உடனுக்குடன் பார்க்கும் லேசர் தேவைப்பட்டது.

மூன்றாவது ஒரு முறையும் உண்டு. உலையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு லேசர் கற்றையை அனுப்பி, வழியில் எந்த நிறம் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பது. ஆக்சிஜன் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று நெருப்பின் நடுவிலேயே அளந்துவிடலாம். எங்கே காற்று குறைவு என்று தெரிந்தால், எங்கே சாம்பல் உருகி ஒட்டும் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இது நம் விவசாயிகளையும் தொடும் விஷயமாக ஆகிவருகிறது. 2021 அக்டோபரில் மத்திய மின்துறை, நிலக்கரியோடு 5 விழுக்காடு வேளாண் கழிவுகளையும் சேர்த்து எரிக்க வேண்டும் என்று அனல்மின் நிலையங்களுக்குக் கட்டளையிட்டது. நல்ல நோக்கம். வைக்கோலும் கடலைத் தோலும் செஞ்சிப் பக்கத்தில் பஞ்சமா? ஆனால் வைக்கோலில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். அளவறிந்து கலக்காவிட்டால் குழாயில் ஒட்டும், குழாயை அரிக்கும். அம்மா பாத்திரம் தேய்த்த சாம்பலின் காரம்தான் இதுவும்.

இவ்வளவு தெரிந்தபின் மனம் ஆறியதா என்றால் இல்லை. 2017 நவம்பர் 1ஆம் தேதி உத்தரப் பிரதேசம் ரேபரேலி மாவட்டத்தில் ஊஞ்சாஹார் அனல்மின் நிலையத்தின் ஆறாவது அலகில் கொதிகலனின் ஒரு மூலை திறந்துகொண்டது. 500 மெகாவாட் அலகு. அந்த ஆண்டுதான் உற்பத்திக்கு வந்திருந்தது. சுடுபுகையும் நீராவியும் பீறிட்டு, சுற்றி வேலை செய்துகொண்டிருந்தவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அடியில் சாம்பல் அடைத்துக்கொண்டதுதான் காரணமாகப் பேசப்பட்டது. அந்தச் செய்தியை நான் இரண்டு முறை படித்தேன். அண்ணனின் கைதான் நினைவுக்கு வந்தது.

அடைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள லேசர் வேண்டியதில்லை, கம்பி பிடித்தவனுக்கே தெரியும். தெரிந்த பிறகு உலையை நிறுத்துவதா, மின்சாரம் போகட்டும் என்று ஓட்டுவதா என்பதை முடிவு செய்பவர் வேறொருவர். அவர் மேஜையில் தொழிலாளியின் வாய்வார்த்தை நிற்காது. நாற்பது வருடம் அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மேஜையில் எண்தான் நிற்கும். "சார், உள்ள சரியில்ல" என்பது முறையீடு. "சோடியம் இவ்வளவு, சூடு இவ்வளவு, இத்தனை மணி நேரத்தில் அடைக்கும்" என்பது ஆவணம். முன்னதை மறுக்கலாம். பின்னதைத் தேதி போட்டுக் கோப்பில் வைத்துவிட்டால், பிறகு யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது. லேசர் குழாயைத் தேய்க்காது, கட்டியை உடைக்காது. கம்பி பிடித்தவன் சொன்னதற்கு அது சாட்சி சொல்லும். அதுவே பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது.

போகியன்று மாலை பேத்தியைக் கேஸ் அடுப்பின் முன் நிறுத்தினேன். பழைய கரண்டிக் காம்பில் உப்புத் தண்ணீரைத் தொட்டுச் சுடரில் காட்டினேன். சுடர் மஞ்சளானது. "இப்ப இதுல பாரு" என்று நீலக் கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்தாள். "மஞ்சளே காணோம் தாத்தா" என்றாள்.

அண்ணன் அத்தனை வருடம் இந்தக் கண்ணாடி வழியாகத்தான் உலையைப் பார்த்தார். கண்ணைக் காப்பாற்ற அது மறைத்த மஞ்சளில்தான் அவருக்கு வேண்டிய செய்தி இருந்தது. வெறும் கண்ணால் பார்த்திருந்தாலும் அவரால் அதைப் படித்திருக்க முடியாது. அவர் கையில் நிறமாலைமானியைக் கொடுத்தவர் யாரும் இல்லை.

கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் டப்பாவில் வைத்தோம். பரணில் இல்லை. பேத்தியின் புத்தக அலமாரியில்.